புது பேட், புது ஷூ... பெடல் மட்டும் ஏன் மெத்தென்று போகிறது?

வாகனக் கேள்வி – பதில்

பிரேக் வேலை முடிந்த பிறகு பெடல் சரியில்லை என்று சொல்லும் கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். அநேகமாக எல்லாக் கடிதத்திலும் ஒரு வரி இருக்கிறது: “ஏர் எடுத்தாச்சு, இன்னும் சரியாகலை.” பெடல் சரியில்லை என்றாலே ஏர் (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்று) என்று முடிவு கட்டுவதில்தான் பாதிப் பணம் வீணாகிறது. ஏர் பல காரணங்களில் ஒன்றுதான்.

கேள்வி: 9 வருடமான ஹேட்ச்பேக் கார். முன்பக்க டிஸ்க், பேட், இரண்டு காலிப்பர் எல்லாம் புதிதாக மாற்றினோம். அரை லிட்டர் பிரேக் ஆயில் பாட்டில் இரண்டு காலி. குழாயில் இப்போது குமிழியே வருவதில்லை. ஆனாலும் பெடல் பஞ்சை மிதிப்பது போல இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர் என்பது பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பகுதி. முன்சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரில் (பேடை டிஸ்கோடு அழுத்தும் பகுதி) ஏர் எடுக்கும் நிப்பிள், அதாவது காற்றும் ஆயிலும் வெளியேறும் சின்னத் திருகு, எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஹோஸ் வந்து சேரும் இடத்துக்கு மேலே, காலிப்பரின் உச்சியில் அது இருக்க வேண்டும். கீழே இருந்தால் இடது காலிப்பரை வலதிலும், வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள். பல கார்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், போல்ட்டும் தடையில்லாமல் ஏறிவிடும். அதனால்தான் இந்தத் தவறு நடக்கிறது.

நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் பயன் இல்லை. காற்று மேலே ஏறி காலிப்பரின் உச்சியில் தங்கிவிடும். நீங்கள் நிப்பிளைத் திறக்கும்போது அடியில் இருக்கும் சுத்தமான ஆயில் மட்டும் வெளியே வரும். குழாயில் குமிழி தெரியாததும், பெடல் பஞ்சாக இருப்பதும் ஒன்றோடொன்று பொருந்துவது இப்படித்தான்.

எவ்வளவு காற்று இருந்தால் இப்படி ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. சின்னக் காரின் மாஸ்டர் சிலிண்டர் உள்விட்டம் சுமார் 20 மி.மீ. என்று வையுங்கள். பரப்பு 314 சதுர மி.மீ. மிதிக்கும்போது 1 சி.சி. இடம் அமுங்கினால் உள்ளே பிஸ்டன் 3 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் 4 என்றால், உங்கள் கால் 12 மி.மீ.க்கும் மேல் கூடுதலாக இறங்கும். 1 சி.சி. என்பது இருபது சொட்டு அளவுதான்.

காலிப்பர் மாறியிருந்தால் இரண்டையும் இடம் மாற்றி மாட்டுவதே சரி. அப்போது பாஞ்சோ போல்ட் (ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் போல்ட்) நுழையும் ஹோஸ் முனையின் இருபக்கமும் உள்ள செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள், ஒரு காலிப்பருக்கு இரண்டு. பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கிப் படிந்தது. அதையே மறுபடி இறுக்கினால் மெல்லக் கசியும்.

நிப்பிள் மேலேதான் இருக்கிறது என்றால் அடுத்தது கிளாம்ப் சோதனை. மாஸ்டர் சிலிண்டரில் கை வைக்கும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். ரப்பர் ஹோஸை நசுக்குவதற்கென்றே வழவழப்பான உருண்டை முனையுள்ள கிளாம்ப் கிடைக்கிறது. நான்கு ஹோஸையும் அதனால் மெதுவாக அழுத்தி மூடிவிட்டு பெடலை மிதிக்க வேண்டும். பெடல் உயரத்திலேயே கல் மாதிரி நின்றால் மாஸ்டர் சிலிண்டரும் இரும்புக் குழாய்களும் நன்றாக இருக்கின்றன, கோளாறு சக்கரங்களின் பக்கம். பிறகு ஒவ்வொரு கிளாம்ப்பாக எடுத்து, ஒவ்வொரு தடவையும் மிதித்துப் பாருங்கள். எந்த ஹோஸைத் திறந்ததும் பெடல் தொப்பென்று இறங்குகிறதோ அந்தச் சக்கரத்தில்தான் வேலை. நான்கையும் மூடிய பிறகும் பெடல் மெத்தென்றே இருந்தால்தான் மாஸ்டர் சிலிண்டர், அல்லது ஏபிஎஸ் யூனிட் பக்கம் போக வேண்டும். கட்டிங் பிளேயர், வைஸ் கிரிப் போன்றவற்றால் ஹோஸை நசுக்க விடாதீர்கள். உள் அடுக்கு கிழிந்துவிடும், வெளியே தெரியாது. ஏற்கெனவே வெடிப்பு விட்ட ஹோஸிலும், ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸிலும் இந்தச் சோதனையே கூடாது. வெடித்த ஹோஸை மாற்றிவிட்டு மேலே போவது நல்லது. பழைய ரப்பர் அழுத்தத்தில் பலூன் போல உப்பும், அதுவும் பெடலை மெத்தென்று ஆக்கும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தால் உப்புவது விரலுக்கே தெரியும்.

ஏர் எடுக்கும் முறையையும் ஒருமுறை சரிபாருங்கள். வேகமாகப் பத்துத் தடவை மிதித்துவிட்டு நிப்பிளைத் திறப்பது நம் ஊர் வழக்கம். அப்படி மிதித்தால் ஒரு பெரிய குமிழி நூறு பொடிக் குமிழியாகிப் பால் போல ஆயிலில் கலந்துவிடும். பிறகு கால் மணி நேரம் சும்மா விட்டால்தான் மறுபடி ஒன்றுசேரும். நிதானமாக ஒருமுறை மிதித்துப் பிடிக்க வேண்டும். நிப்பிளைக் கால் சுற்றோ அரைச் சுற்றோ திறந்து, ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். ஒரு சக்கரத்துக்கு 50 முதல் 100 மி.லி. போதும். பிரேக் ஆயில் டேங்க் வற்றி ஒரு தடவை காற்று உள்ளே போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வலப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள நம் கார்களில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருப்பது பின் இடது சக்கரம். வழக்கமாக அங்கிருந்துதான் தொடங்குவார்கள். குறுக்கே இணைத்த குழாய் அமைப்புள்ள கார்களுக்கு வரிசை வேறாக இருக்கலாம், கையேட்டில் உள்ள வரிசையே முடிவு.

வாக்குவம் பம்ப் வைத்து ஏர் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிப்பிளின் மரை வழியாகவே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, குழாயில் முடிவில்லாமல் குமிழி ஓடும். அது பிரேக்கில் இருக்கும் காற்று இல்லை.

கேள்வி: பின்பக்க டிரம்மில் ஷூ மாற்றிய நாளிலிருந்து முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் போகிறது. உடனே இன்னொரு மிதி மிதித்தால் மேலே வந்து நன்றாகப் பிடிக்கிறது. இது ஏர்தானே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அநேகமாக இல்லை. பெடல் சரியில்லை என்பதில் மூன்று வகை உண்டு. மிதிக்க மிதிக்க ரப்பர் போல அமுங்கிக்கொண்டே போவது ஒன்று. வெகுதூரம் கீழே போய், அங்கே கெட்டியாக நிற்பது இரண்டாவது. கெட்டியாக நின்று, காலை எடுக்காமல் வைத்திருந்தால் தானாக மெல்ல இறங்குவது மூன்றாவது. முதலாவதுக்குக் காரணம் பெரும்பாலும் காற்றும் ஹோஸும், மூன்றாவதுக்கு மாஸ்டர் சிலிண்டரும் கசிவும். உங்களுடையது இரண்டாவது: ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். முதல் மிதியில் வரும் ஆயில் ஷூவை டிரம் வரை தள்ளவே செலவாகிவிடுகிறது. ஷூ பின்வாங்குவதற்குள் இரண்டாவது மிதி விழுவதால் பிடிக்கிறது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு பெடலை மிதியுங்கள். பெடல் உயரத்திலேயே கெட்டியாக நின்றால் சந்தேகமே வேண்டாம், பின்பக்க ஷூ அட்ஜஸ்ட்மென்ட்தான். ஹேண்ட் பிரேக் ஷூவை முன்கூட்டியே டிரம்மோடு சேர்த்துவிட்டதால் பெடலுக்கு வேலை மிச்சம். ஷூவைத் தள்ளும் ஒவ்வொரு வீல் சிலிண்டர் பிஸ்டனும் வெறும் 1 மி.மீ. கூடுதலாக நகர வேண்டியிருந்தால்கூட, நான்கு பிஸ்டனுக்கும் சேர்த்து 1 சி.சி.க்கு நெருக்கமாக ஆயில் தேவை. மேலே சொன்ன கணக்கில் அது பெடலில் ஏறத்தாழ 12 மி.மீ.

பலர் செய்யும் தவறு, இந்த நிலையில் ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்குவது. அப்போது பெடல் மேலே வந்ததுபோலத் தெரியும். ஆனால் ஷூ லீவர் பாதி இழுபட்ட நிலையிலேயே நிற்பதால் தானியங்கி அட்ஜஸ்டர் வேலை செய்யாது. ஷூ தேயத் தேயப் பெடல் மறுபடி இறங்கும், டிரம்மும் சூடாகும். சரியான வரிசை இதுதான்: கேபிளை முழுக்கத் தளர்த்துங்கள். ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள். பெடலைப் பல தடவை மிதித்து ஷூவை நடுவில் உட்கார வையுங்கள். கடைசியாகத்தான் கேபிள்.

அட்ஜஸ்டரில் ஸ்டார் வீல் (பல் வைத்த சின்னச் சக்கரம்) இருந்தால், டிரம்மைக் கையால் சுழற்றும்போது ஷூ லேசாக உரசும் சத்தம் கேட்கும்வரை திருப்பி, இரண்டு மூன்று பல் பின்னால் விட வேண்டும். ஒரு பக்க ஸ்டார் வீலின் மரை வலப்புரி, மறுபக்கம் இடப்புரி. இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவி, இடம் மாற்றி மாட்டிவிட்டால் அட்ஜஸ்டர் ஷூவை நெருக்குவதற்குப் பதிலாக ஒவ்வொரு தடவையும் தளர்த்தும். ஷூ மாற்றிய ஒரு வாரத்தில் பெடல் கீழே போனால் முதலில் இதைப் பாருங்கள். சின்னக் கார்கள் பலவற்றில் ஸ்டார் வீலுக்குப் பதில் பல் வைத்த ராட்செட் பட்டை இருக்கும். டிரம்மை மாட்டிய பிறகு பெடலை அழுத்தமாக 15, 20 தடவை மிதித்தால் ‘டிக் டிக்’ என்று ஏறி நின்றுவிடும். எண்ணெயும் தூசியும் சேர்ந்து பட்டை இறுகியிருந்தால் ஏறாது, கழற்றித் துலக்க வேண்டும்.

டிரம்மையும் அளக்கச் சொல்லுங்கள். அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச உள்விட்டம் டிரம்மிலேயே பொறித்திருக்கும். லேத்தில் கடைந்து கடைந்து விட்டம் பெருத்த டிரம்மில் புது ஷூவின் வளைவு பொருந்தாது. நடுப்பகுதி மட்டும் தொட்டு, இரு முனையும் தொடாமல் வில் போல வளையும். அப்போது அட்ஜஸ்ட்மென்ட் சரியாக இருந்தாலும் பெடல் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும்.

கேள்வி: பிரேக் ஆயில் மாற்றி வந்த இரண்டாம் நாளிலிருந்து, சிக்னலில் மிதித்துக்கொண்டே நின்றால் பெடல் தானாகக் கீழே இறங்குகிறது. எங்கும் லீக் இல்லை. போகும்போது நன்றாக இருந்த வண்டி.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வண்டியை ஓட்டாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

என்ஜினை அணைத்து, பெடலை ஐந்தாறு தடவை மிதித்து, கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டரில் உள்ள வாக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். பெடல் கெட்டியாகும். அதன் மேல் மிதமான அழுத்தத்தோடு ஒரு நிமிடம் காலை வைத்திருங்கள். துளியும் இறங்கக் கூடாது. இறங்கினால் வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே ரப்பர் வாஷரைத் தாண்டி ஆயில் பின்னால் போகிறது. இப்படிப் பிடித்த நிலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் ஓர் அங்குலத்துக்குள் இறங்கி நிற்பது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

போகும்போது நன்றாக இருந்தது எப்படிக் கெட்டது? தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் முன்பாதி தூரம் மட்டுமே போய் வரும். அந்தப் பகுதி கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும். பிஸ்டன் எட்டாத கடைசிப் பகுதியில் வருடக்கணக்கில் அழுக்கும் துருப்புள்ளிகளும் சேர்ந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை அடித்து மிதிப்பதால், வாஷரின் மெல்லிய விளிம்பு அந்தச் சொரசொரப்பில் போய் உரசிக் கிழிகிறது. பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் இந்தச் செலவே வராது. கார் 6, 7 வருடம் தாண்டிவிட்டது என்றால் வேலை கொடுக்கும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள்.

வெளியே லீக் இல்லை என்கிறீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டையும் தளர்த்தி, பூஸ்டரிலிருந்து சற்று முன்னால் இழுத்து அடியில் விரலை விட்டுப் பாருங்கள். பின் வாஷர் போயிருந்தால் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கும், தரையில் ஒரு சொட்டும் விழாது. விரல் நனைந்தாலும், டேங்கில் அளவு குறைந்துகொண்டே வந்தாலும் அதுதான்.

உள்சுவரில் புள்ளி விழுந்த சிலிண்டருக்கு ரிப்பேர் கிட் போடுவதில் பயன் இல்லை, முழு மாஸ்டர் சிலிண்டராக மாற்றுங்கள். புதியதை அப்படியே வண்டியில் மாட்டக் கூடாது. விளிம்பைப் பிடித்து வைஸில் கட்டி, இரண்டு வாயிலிருந்தும் குழாயை வளைத்து டேங்க் ஆயிலுக்குள் முங்க விட்டு, ஸ்குரூடிரைவரால் பிஸ்டனை மெதுவாகத் தள்ளித் தள்ளி விட வேண்டும். குமிழி நின்ற பிறகு மாட்டினால் வண்டியில் ஏர் எடுப்பது எளிது.

கேள்வி: நான்கு சக்கரத்திலும் டிஸ்க் உள்ள செடான். பின்பக்க பேட் மாற்றும்போது பிஸ்டன் உள்ளே போகவே இல்லை. சி-கிளாம்ப் போட்டு அழுத்தினார்கள். இப்போது பெடல் கீழே போகிறது, ஹேண்ட் பிரேக்கும் பிடிக்கவில்லை.
– வாசகர், கோவை

பதில்: ஹேண்ட் பிரேக்கும் அதே காலிப்பரில் இருந்தால், பின் பிஸ்டன் அழுத்தினால் போகாது, திருகினால்தான் போகும். பிஸ்டன் முகத்தில் வெட்டுகள் இருப்பது அதற்கான கருவியைப் பொருத்துவதற்கே. கிளாம்ப் போட்டு நெருக்கியதில் உள்ளே இருக்கும் திருகு அட்ஜஸ்டர் உடைந்திருந்தால் காலிப்பர்தான் மாற்ற வேண்டும். உடையவில்லை என்றால், திருகி உள்ளே விட்டு, பேடின் பின்தகட்டில் குமிழ் இருந்தால் அது பிஸ்டன் வெட்டுக்குள் உட்காரும்படி மாட்டுங்கள். முதலில் கால் பெடலை மிதித்து கெட்டியாக்கிவிட்டு, அதன் பிறகே ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டும். பட்டனால் இயங்கும் ஹேண்ட் பிரேக் என்றால் ஸ்கேனரிலோ (காரின் கணினியோடு இணைக்கும் கருவி) கையேட்டில் சொன்ன முறையிலோ சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் பிஸ்டனைத் தொடவே கூடாது.

கேள்வி: ஏபிஎஸ் உள்ள காரில் ஏர் எடுக்க ஸ்கேனர் கட்டாயமா?
– வாசகர், சென்னை

பதில்: பேடோ காலிப்பரோ மட்டும் மாற்றினால் பெரும்பாலும் தேவையில்லை. டேங்க் வற்றிப்போய் மாஸ்டர் சிலிண்டரைத் தாண்டிக் காற்று புகுந்திருந்தாலும், ஏபிஎஸ் யூனிட்டையே கழற்றியிருந்தாலும் தேவைப்படும். அந்த யூனிட்டில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வுகள் சாதாரண நேரத்தில் மூடியிருப்பதால் அவற்றுக்கு அப்பால் சிக்கிய காற்று சாதாரண முறையில் வராது. ஸ்கேனர்தான் வால்வையும் பம்ப்பையும் இயக்கி வெளியே தள்ளும்.

கேள்வி: புது பேட் போட்டுக்கொண்டு கொல்லிமலை போனோம். இறங்கும்போது பாதி வழியில் பெடல் தரை வரை போய்விட்டது. ஒரு மணி நேரம் நிறுத்திய பிறகு பழையபடி ஆனது. பேட் கோளாறா?
– வாசகர், சேலம்

பதில்: பேட் சூடாகிப் பிடிமானம் குறைந்தால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. உங்கள் பெடல் தரைக்குப் போயிருக்கிறது. அப்படியானால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆவி காற்றைப் போலவே அமுங்கும். ஆறியதும் மறுபடி திரவமாகிவிடுவதால் மறுநாள் மெக்கானிக் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாது. இந்தக் கோளாறில் ஆபத்தே அதுதான்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரத்தில் 155. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் காலை எடுக்காமல் மிதித்து இறங்கினால் காலிப்பர் அந்தச் சூட்டை எட்டிவிடும். பேட் மாற்றிய கடையில் ஆயிலையும் மாற்றினார்களா என்று கேளுங்கள். 2 வருடம் ஆகியிருந்தால் முழுவதும் மாற்றுங்கள், ஒரு லிட்டர் வாங்கினால் சின்னக் காருக்குத் தாராளம். டாட் 3 சொல்லியிருக்கும் காரில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் கூடாது, அது சிலிக்கான் வகை, இவற்றோடு கலக்காது. டாட் 5.1 பெயர் ஒன்றுபோல இருந்தாலும் வேறு, அது டாட் 4 குடும்பம். திறந்து பல மாதம் அலமாரியில் கிடந்த பாட்டிலை மலை ஏறும் வண்டிக்கு ஊற்ற வேண்டாம்.

சூட்டுக்கு வேறு காரணமும் இருக்கலாம். காலிப்பரைத் தாங்கும் ஸ்லைடு பின்னை பேட் மாற்றும்போது துடைத்து, அதற்கான கிரீஸ் வைக்காமல் விட்டால் அது இறுகி, ஒரு பேட் டிஸ்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே வரும். ஆறிய வண்டியை ஒரு கிலோமீட்டர் பிரேக் போடாமல் ஓட்டி, நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் தகித்தால் அந்தப் பின்னைக் கழற்றுங்கள்.

கேள்வி: டேங்கில் ஆயில் குறைந்ததென்று பெட்ரோல் பங்க்கில் பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். உறிஞ்சி எடுத்துவிட்டுச் சரியானதை ஊற்றினால் போதுமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: டேங்க் மூடியைத் திறந்து அதன் உள்ளே இருக்கும் ரப்பரைப் பாருங்கள். பழைய அளவிலேயே, சட்டென்று உட்காருகிறது, ஊற்றிய பிறகு பெடலை ஒருமுறைகூட மிதிக்கவும் இல்லை என்றால், டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து தப்பிக்க வாய்ப்பு உண்டு. அந்த ரப்பர் ஊதி, அலை அலையாக நெளிந்து மூடிக்குள் அடங்காமல் இருந்தால் மினரல் எண்ணெய் வேலையைக் காட்டிவிட்டது. மாஸ்டர் சிலிண்டர் வாஷர், காலிப்பர் சீல், வீல் சிலிண்டர் கப், ஹோஸ் எல்லாமும் அதே ரப்பர் இனம்தான். எல்லாவற்றையும் மாற்றி, இரும்புக் குழாய்களைப் புது பிரேக் ஆயிலால் அலசித் தள்ள வேண்டும். ஏபிஎஸ் இருந்தால் அந்த யூனிட்டும் கணக்கில் வரும். மாற்றி முடிக்கும்வரை வண்டியை இழுவை வண்டியில்தான் நகர்த்த வேண்டும்.